தூரோடு பிடுங்குவோர் கவனத்திற்கு

சீமைக் கருவேல மரத்தைத் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து ஒன்று விடாமல் தூரோடு பிடுங்கி எறிந்துவிட்டால் கண்மாய்கள் நிறையும், நிலத்தடி நீர் ஊறும், இராமநாதபுரத்து வறட்சி தீரும் என்றும், அந்த மரத்தை வெட்டி விறகாக்கியும் மூட்டம் போட்டுக் கரியாக்கியும் பிழைப்பவர்கள் தங்கள் சொற்ப வரும்படிக்காக நாட்டின் க்ஷேமத்துக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்றும், ஆகவே மண்ணா அவர்களுடைய ஜீவனமா என்ற கேள்வி வருகிற இடத்தில் மண்ணின் பக்கம் நிற்பதே விவேகம் என்றும் ஓர் அபிப்பிராயம் கடந்த பத்தாண்டுகளாக நம்மிடையே நிலைபெற்றிருக்கிறது. அந்த மரத்தின் வேரைக் காட்டிலும் இந்த அபிப்பிராயத்தின் வேர் ஆழமானது என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு. டீக்கடைப் பேச்சிலும் கல்லூரி மாணவர்களின் சேவை முகாமிலும் கட்சி மேடையிலும் நீதிமன்றத்திலும் அது ஏறக்குறைய ஒரே குரலில் ஒலித்திருக்கிறது. அது தவறு என்பது என் கட்சி.

எதிராளிக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். இந்த மரம் நம்முடையதன்று. மெக்சிகோவையும் அதையொட்டிய அமெரிக்க நாடுகளையும் தாயகமாகக் கொண்ட இதன் விதை, 1870களின் பிற்பகுதியில், சென்னை ராஜதானியின் வனத்துறை அதிகாரியாயிருந்த பெடோம் துரையின் முயற்சியால் கடப்பைச் சீமையில் விதைக்கப்பட்டது. வறண்ட நிலத்துக்கு விறகும் வேலியும் கொடுக்கும் என்பது அன்றைய எண்ணம். விறகைக் கொடுத்தது, வேலியையும் கொடுத்தது, யாரையும் கேளாமல் கண்மாயையும் எடுத்துக்கொண்டது. இனிப்பான அதன் நெற்றை ஆடுமாடுகள் விரும்பித் தின்று, விதையைச் சாணத்தோடும் புழுக்கையோடும் போகிற வழியெல்லாம் போட்டுச் செல்ல, வரத்துக்கால்களிலும் நீர்பிடிப்பிலும் அது நுழைந்து, தண்ணீர் ஓடும் வழியை அடைத்து, புல்லையும் நாட்டுக் கருவேலையும் நெருக்கித் தள்ளி, மனிதர் காலெடுத்து வைக்க முடியாத முட்புதராக மண்டிற்று. அடர்ந்து நிற்கும் இடத்தில் அது நிலத்தடி நீரைக் கணிசமாக இழுக்கிறது என்பதிலும் ஐயமில்லை. அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது இதன் இனத்து வேர் 50 மீட்டருக்கும் கீழே காணப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இம்மரத்தை அகற்றும்படி கடுமையான உத்தரவுகளைப் பிறப்பித்ததும், அரியலூர் மாவட்ட நீதிபதி பிணை கேட்டு வந்தவர்களை நூறு சீமைக் கருவேல மரங்களை வெட்டச் சொன்னதும், ஏப்ரல் இறுதியில் சென்னையில் அதே உயர் நீதிமன்றம் அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடை விதித்ததும், 2022இல் அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். கோபத்துக்குக் காரணம் இருந்தது. கோபம் சென்ற திசையைப் பற்றித்தான் எனக்குச் சண்டை.

முதல் ஆட்சேபம். வறட்சிக்கு இந்த மரமே காரணம் என்பது காலக்கணக்குக்கே ஒத்துவராத வாதம். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876க்கும் 1878க்கும் இடையில், தென்னாட்டில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டபோது இந்த மரம் கடப்பைச் சீமையில் கன்றாகக்கூட ஊன்றியிருந்ததா என்பது சந்தேகம். மறவர் சீமையை ஆண்ட அரசர்களும் ஊராரும் மேட்டிலிருந்து கடல் வரை ஒன்றன் வாய்க்கு ஒன்றாகக் கண்மாய்களை அடுக்கடுக்காக வெட்டி வைத்தார்களே, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாயைக் கட்டினார்களே, அந்நாளிலேயே மழை பொய்க்கும் நிலம் அது என்பதைத் தவிர அந்த உழைப்புக்கு வேறென்ன அர்த்தம்? நீர் பெருகி நின்ற நாட்டில் எவரும் தோளில் மண் சுமந்து ஏரி கட்டுவதில்லை. இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குடிக்கிறது என்பாரும் உளர். எல்லா இலைகளையும் போல அதன் இலையும் காற்றுக்கு ஈரத்தைக் கொடுக்கிறதே தவிர எடுப்பதில்லை. இரவில் அது கரியமில வாயுவை விடுகிறது என்று அஞ்சுகிறவர்கள், வீட்டு வாசலில் நிற்கும் வேப்பமரமும் இரவில் அதையே செய்கிறது என்பதை அறிந்தால் எங்கே போய்ப் படுப்பார்களோ, தெரியவில்லை.

உண்மை இதற்குத் தலைகீழானது. குடிமராமத்து என்ற ஊர்க்கடமை முதலில் செத்தது, வண்டல் படிந்தது, மடை பழுதாயிற்று, வைகைத் தண்ணீர் மேலேயே பங்கு போடப்பட்டுக் கடைக்கோடிக் கண்மாய்க்கு ஆண்டு தவறி ஆண்டு வந்தது, ஈரமும் மனித நடமாட்டமும் ஒருங்கே குறைந்த அந்த வெற்றிடத்தில் மரம் வந்து குடியேறிற்று. பாழடைந்த வீட்டில் வௌவால் அடைவதைப் பார்த்து, வௌவாலால் வீடு பாழடைந்தது என்று சொல்வாருண்டோ? தமிழில் மரத்தின் அடிக்கட்டைக்கும் தூர் என்றே பெயர், குளத்தின் அடியில் படிந்த வண்டலுக்கும் தூர் என்றே பெயர். இரண்டாவது தூரை வாராமல் விட்டவர்கள் முதலாவது தூரின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பதே இந்தத் தப்பெண்ணத்தின் நடைமுறைப் பயன். 2017இல் அரசு குடிமராமத்து என்ற பெயரைத் திரும்பவும் எடுத்துக்கொண்டது நல்ல காரியம். ஆனால் பெயரோடு பழைய கடமை திரும்பி வந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குள் இப்போது போக வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபம். ஒரே மூச்சில் ஒழித்துவிடலாம் என்பது மரத்தின் சுபாவத்தை அறியாதவர் பேச்சு. தரைக்குமேல் ஒரு சாண் விட்டு வெட்டினால் ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு தண்டு துளிர்க்கும். இயந்திரத்தால் தூரோடு பெயர்த்தால், பெயர்த்த மண்ணில் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த விதைகளெல்லாம் முதல் மழையிலேயே விழித்துக்கொள்ளும். சென்னைப் புறநகரான எங்கள் அனகாபுத்தூர்ப் பக்கத்தில் இதற்கு வேலிகாத்தான் என்று பெயர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையில் பொக்லைன் வந்து நின்று இதை வாரிக் குவித்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அன்றைக்கு ஆற்றின் அகலத்தைப் பார்த்து நாங்களெல்லாம் மலைத்துப்போனோம். நாலைந்து ஆண்டுகளில் அதே கரையில் அதே புதர், அதன் நிழலில் அதே ஆடுகள். மழை விழுந்த வாரத்தில் முளைத்த கன்றை ஒரு குழந்தை இரண்டு விரலால் பிடுங்கிவிடும். அதையே மூன்று ஆண்டு விட்டால் கோடாரி வேண்டும். ஆறு ஆண்டு விட்டால் இயந்திரம் வேண்டும், டெண்டர் வேண்டும், திறப்பு விழாவுக்கு ஓர் அமைச்சரும் வேண்டும். ஆதலால், இந்த மரத்தை அகற்றுவது ஒருநாள் உற்சவமாக முடிகிற காரியமன்று; வீடு பெருக்குவதைப் போல, ஆண்டுதோறும் உரிய பருவத்தில் உரிய இடத்தில் ஒரு மனிதர் குனிந்து செய்ய வேண்டிய வேலை. அந்த மனிதர் யார்? முகாமுக்கு வந்த மாணவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்; வெட்டிய மரத்தோடு படம் எடுத்துக்கொண்டவரும் போய்விட்டார். கண்மாய்க் கரையில் மிஞ்சி நிற்கிறவர், அங்கேயே குடியிருந்து, அந்த முள்ளோடு மல்லுக்கட்டத் தெரிந்தவர், நாம் சத்துரு என்று பெயரிட்டு வைத்த விறகு வெட்டி ஒருவர்தான்.

மூன்றாவது ஆட்சேபமே என் வழக்கின் உயிர். ஆகவே இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடிப் பக்கங்களில் மானாவாரி நெல் ஒரு போகம். பிறகு பருத்தியோ முண்டு மிளகாயோ. அதுவும் மழையின் தயவில். எஞ்சிய மாதங்களுக்குச் சோறு போடுவது இந்த மரம். கண்மாயிலும் புறம்போக்கிலும் நிற்பது ஏலத்துக்கு வருகிறது. பட்டா நிலத்தில் நிற்பதை உரிமையாளர் மொத்தமாக விலை பேசி விடுகிறார். எடுப்பவர் ஒப்பந்ததாரர், வெட்டுகிறவர் கூலிக்காரர், கூலி பெரும்பாலும் டன் கணக்கில். கணவன் கோடாரியால் அடிக்க, மனைவி கவைக்கம்பால் முட்கிளையை ஒதுக்கி இழுத்துப் போட, சன்னமான சுள்ளி செங்கல் சூளைக்கோ உயிரிப்பொருள் மின்நிலையத்துக்கோ போகும். கனத்த கட்டை மூட்டத்துக்குப் போகும். கட்டைகளைச் செங்குத்தாக அடுக்கி, தழையும் ஓலையும் போர்த்தி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பை வைத்து, அது கொழுந்துவிடாமலும் அணைந்துவிடாமலும் இரவும் பகலும் காத்திருந்து, வெள்ளைப் புகை மெலிந்து நீலம் பாயும் நேரம் பார்த்து மூச்சை அடைத்து ஆறவிடும் அந்த வித்தையைப் பொறியியல் கல்லூரியில் கற்றுத்தருவதில்லை. நாலைந்து டன் விறகு உள்ளே போனால் ஒரு டன் கரி வெளியே வரும். காலில் முள் தைத்துச் சீழ் வைப்பதும் புகையில் நெஞ்சு கமறுவதும் அந்தக் கூலிக்குள் அடக்கம். இத்தொழிலை நான் அழகுபடுத்திக் காட்ட வரவில்லை.

இவர்கள் தூரைத் தோண்டுவதில்லை என்பதே குற்றச்சாட்டு. வாஸ்தவம், தோண்டுவதில்லை. ஏன் தோண்டவேண்டும்? தூர்க்கட்டையும் எரியும், அதற்கும் விலை உண்டு. ஆனால் இறுகிய களிமண்ணில் அதைத் தோண்டியெடுக்கும் உழைப்புக்கு அந்த விலை ஈடாகாது. ஒப்பந்தப் பத்திரத்தில் வேருடன் என்றொரு சொல் இருந்தாலும், கூலி எடைபோடப்படுவது தரைக்கு மேலே வெட்டிய விறகுக்குத்தான். கெடு முடிந்ததும் ஒப்பந்ததாரர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். விட்டுப்போன தூர் துளிர்க்கிறது; மூன்று நான்கு ஆண்டுகளில் மறுபடி வெட்டுக்கு வருகிறது; மறுபடி ஏலம், மறுபடி வருமானம். இந்த ஏற்பாட்டில் மரம் மீண்டு வருவதால் ஆதாயம் அடைகிறவர்கள் ஏலம் விடுகிறவர், எடுக்கிறவர், வாங்குகிறவர் என்று வரிசையாக நிற்கிறார்கள். மரம் மீளாமலிருப்பதால் ஒரு காசு ஆதாயம் அடைகிறவர் அந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்கையில், வரிசையின் கடைசியில் நிற்கும் கூலிக்காரரைப் பிடித்து நிலத்தின் பகைவன் என்பது, வீட்டைக் கொள்ளையிட்டவர்களை விட்டுவிட்டுக் கதவு செய்த தச்சனைத் தண்டிப்பது போன்றது.

எனவே நான் கேட்பது கருணையன்று, கணக்கை மாற்றி எழுதுவது. ஒரு கண்மாயின் நீர்பிடிப்பையும் வரத்துக்காலையும் ஒரு வெட்டுக்கு மட்டும் ஏலம் விடாமல், ஏழெட்டு ஆண்டுகளுக்கு, அந்த ஊர் வெட்டுக்காரர்களின் குழு ஒன்றினிடமே ஒப்படைப்போம். முதலாண்டு விறகு முழுவதும் அவர்களுக்கே சேரட்டும். தூருக்கு எண்ணிக்கைப்படி தனிக் கூலி கொடுபடட்டும். அதன்பின் ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் கன்று பறிக்கவும், தை பிறந்த பிறகு கண்மாய் சுத்தமாக இருக்கிறதா என்று ஊர் கூடிப் பார்த்து மீதிப் பணத்தைக் கொடுக்கவும் ஏற்பாடு இருக்கட்டும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள், ஐந்தாண்டுக்கொரு முறை அதே கண்மாய்க்கு இயந்திரம் கொண்டுவர ஆகும் செலவைக் கூட்டிப் பார்க்கட்டும். நூறு நாள் வேலையில் அதே கரையில் மண்வெட்டி பிடித்த கைகள் அவை. புதிதாக ஒருவரைத் தேட வேண்டியதில்லை. கண்மாய் சுத்தமாகிவிட்டால் கரித்தொழில் என்னாகும் என்பது நியாயமான கேள்வி. இப்போதைக்கு வேறெதுவும் விளையாத உவர்த்தரிசும் தனியார் தரிசும் அந்த வட்டாரத்தில் குறைவில்லை. அங்கே மரம் நிற்கட்டும், நெற்று பழுத்து ஆடு தின்பதற்குமுன் முறைபோட்டு வெட்டப்படட்டும். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்ற எல்லையை வகுத்து நடத்துவதற்குப் பெயர்தான் நிர்வாகம். ஒன்று விடாமல் ஒழிப்போம் என்பது அந்த எல்லையை வகுக்கும் சிரமத்துக்கு அஞ்சியவர் எழுப்பும் கோஷம்.

நான்காவது ஆட்சேபம், அவர்களுக்கு மாற்றுத் தொழில் கொடுத்துவிடலாம் என்று சுலபமாகச் சொல்கிறவர்களை நோக்கியது. மாற்றுத் தொழில் என்ற இரண்டு சொற்களைக் கேட்டாலே அனகாபுத்தூர்க்காரனாகிய எனக்கு உள்ளுக்குள் ஓர் எரிச்சல் மூளும். அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். ஒரு காலத்தில் இங்குள்ள தறிகளில் நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி கடல் கடந்து நைஜீரியாவுக்குப் போயிற்று. அந்தச் சந்தை அறுந்தபோது வேறு வேலை பாருங்கள் என்ற உபதேசம் இங்கே தாராளமாகக் கிடைத்தது, பார்த்தார்கள், தறிகள் ஒவ்வொன்றாக மூலைக்குப் போயின, விரல் நுனியில் இருந்த ஞானம் காவலாளி உடுப்புக்குள்ளும் கம்பெனி வாசலிலும் கரைந்துபோயிற்று. ஊரில் நெசவு ஓரளவு பிழைத்திருக்கிறதென்றால், வாழைநாரையும் வேறு செடி நார்களையும் நூலாக்கி அதே தறியில் ஏற்றியவர்களால் பிழைத்திருக்கிறது. கை மாறவில்லை, கையிலுள்ள பொருள் மாறிற்று. நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்தில் உண்ணிச்செடி காட்டை மூடியபோதும் இப்படியே நடந்தது: பெட்டக் குறும்பர், பணியர் முதலிய பழங்குடிக் கைவினைஞர்கள் அந்தச் செடியின் தண்டை வெட்டி, வேகவைத்து வளைத்து, ஆளுயரத்துக்கு மேற்பட்ட யானைகளாக ஆக்கினார்கள், 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் அணிவகுத்து நின்றன. காட்டுக்குப் பாரம் குறைந்தது, வீட்டுக்கு வருமானம் வந்தது. அந்த யானைகள் மொத்தக் காட்டையும் மீட்டுவிட்டதாக நான் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டின் வழி சரியானது என்கிறேன்.

மாற்றுத் தொழில் என்பதன் நடைமுறை அர்த்தம் திருப்பூர்ப் பேருந்தும் சென்னைக் கட்டட வேலையும்தான். அப்படிப் புறப்பட்டுப் போனவர் கன்று பறிக்க ஐப்பசியில் திரும்பி வரமாட்டார். நிலத்தைக் காப்பதென்றால் நிலத்தில் இருக்கிறவரை அப்புறப்படுத்துவது என்ற எண்ணம் நம் நிர்வாகத்தின் எலும்பில் ஊறியிருக்கிறது. 2025 மே மாதத்தில் எங்கள் ஊர் ஆற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டு அவற்றில் இருந்தவர்கள் தொலைவுக்கு ஏற்றி அனுப்பப்பட்டபோதும் ஆற்றின் பெயராலேயே அது நடந்தது. ஆட்கள் போனார்கள். சாக்கடை இன்னும் ஆற்றுக்குள்தான் வருகிறது.

ஐந்தாவதாக ஒன்று சொல்லாவிட்டால் நான் பட்சபாதி ஆவேன். ஏழை பிழைக்கிறான், மரத்தைத் தொடாதீர்கள் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து உருகுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. குஜராத்தின் கச்சுப் பகுதியில் பன்னி என்ற பெரும் புல்வெளியில் 1960களின் தொடக்கத்தில் வனத்துறையே இந்த மரத்தை ஊன்றிற்று. 2004இல் அங்கே கரி சுட அனுமதி கொடுத்தார்கள். 2008இல் மறுபடி தடுத்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் கரி மூட்டை மலையாகக் குவிந்தது, மரம் ஒழிந்தபாடில்லை. தூரைப் பற்றிய கடமையை ஒருவர் தலையிலும் உறுதியாகக் கட்டாத அனுமதி அப்படித்தான் முடியும். அதனால் நஷ்டப்பட்டவர்களும் ஏழைகளே, எருமையும் மாடும் மேய்க்கும் மால்தாரிகள். கென்யாவில் பாரிங்கோ ஏரிப் பக்கத்து இடையர்கள், இனிப்பு நெற்றைத் தின்று தின்று பல் உதிர்ந்த ஓர் ஆட்டை நைரோபி நீதிமன்றத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்து அரசின்மீது வழக்காடினார்கள். ஒருவர் ஜீவனத்தைக் காட்டி இன்னொருவர் ஜீவனத்தை விழுங்கும் மரத்துக்கு வக்காலத்து வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. ஜீவனத்தைக் கடமையோடு சேர்த்துக் கட்டுங்கள் என்பதற்கும் ஜீவனத்துக்காகக் கடமையை மன்னித்துவிடுங்கள் என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

பட்டணத்தாருக்கும் இந்தக் கணக்கில் ஒரு பற்று எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் பெட்டிக்குள் சிவந்து கிடக்கிற கரி எந்த மரத்தின் கரி? பிரியாணி அண்டாவின்கீழ் சவுக்கோடு சேர்ந்து எரிகிற விறகு எந்தக் கண்மாயில் வெட்டியது? மடித்த சட்டையை வாங்கும்போது நாம் கொடுக்கும் காசில் வெட்டுக்கூலி இருக்கிறது, மூட்டக்கூலி இருக்கிறது, லாரி வாடகை இருக்கிறது, தரகு இருக்கிறது. தூர் தோண்டும் கூலி மட்டும் இல்லை. அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு மேடையேறி, கரி சுடுகிறவரால் நாடு பாலைவனமாகிறது என்று முழங்குவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அது நம்மிடம் ஏராளமாக இருக்கிறது.

சென்ற மழைக்குப் பிறகு ஒரு காலை அடையாற்றுக் கரையோரம் நடந்துபோனேன். ஈர மண்ணில், ஆட்டுப் புழுக்கை சிதறிக் கிடந்த இடமெல்லாம், வேலிகாத்தான் கன்றுகள் விரலுயரத்துக்கு நின்றன. முள் இன்னும் வன்மை பெறவில்லை. குனிந்து பிடுங்கத் தொடங்கினேன். வேரோடு வழுவிக்கொண்டு வந்தன. அரைமணி நேரத்தில் ஒரு துண்டு நிறையச் சேர்ந்தது, இடுப்பும் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால், திருநீர்மலைப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரை பச்சையாக இருந்தது.